கொல்லைக் கொட்டகையைக் கோழிக்கு விடும் முன்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை பக்கத்துப் பழைய வீடுகள் பலவற்றின் கொல்லையில் ஒரு கொட்டகை நிற்கும். மேலே மங்களூர் ஓடு அல்லது ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், கீழே பாதி மண்ணும் பாதி காரையுமாகத் தரை, உள்ளே உடைந்த கட்டிலும் பழைய சைக்கிளும். வீட்டில் நாலு நாட்டுக்கோழி வளர்க்கலாம் என்ற பேச்சு எழுந்ததும் எல்லார் கண்ணும் அதன் மேல்தான் போகும். நல்ல யோசனைதான். சுவரும் கூரையும் நிழலும் ஏற்கெனவே இருக்கின்றன. புதிதாகக் கட்டுவதைவிடச் செலவு குறைவு.

ஆனால் வேறு மாவட்டத்துக்காரருக்குச் சொல்லும் யோசனையை இந்த ஊர்களுக்கு அப்படியே சொல்ல முடியாது. மற்ற இடங்களில் கூரையைப் பார்த்து, கதவைப் பார்த்து, வலையடித்துக் கோழியை விட்டுவிடலாம். தோல் தொழில் நடந்த ஊரில் வேலை தரையிலிருந்து தொடங்க வேண்டும். தரையைத் தொடுவதற்கும் முன்னால் ஒரு கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும்: இந்தக் கொட்டகையில் முன்பு என்ன வைத்திருந்தார்கள்?

கோழி நாள் முழுக்கத் தரையைக் கிளறித் தின்னும் பிராணி. புழு, தானியத்தோடு மண்ணும் சேர்ந்து உள்ளே போகிறது. அந்த மண்ணில் கலந்திருப்பதில் ஒரு பங்கு முட்டைக்கும் வரும். ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் வீட்டுக் கொல்லைகளில் வளர்ந்த கோழிகளின் முட்டையைச் சோதித்து 2022இல் ஆய்வாளர்கள் முடிவை வெளியிட்டார்கள். கடை முட்டையில் இருந்ததைப் போல் சராசரியாக 40 மடங்கு ஈயம் அதில் இருந்தது. பழைய பெயின்ட்டும் பெட்ரோல் புகையும் பல ஆண்டுகளாக மண்ணில் படிய விட்ட ஈயம் அது. அங்கே ஈயம் என்றால் நம் ஊரில் உப்பும் குரோமியமும். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தந்த தீர்ப்பைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். தோல் தொழிற்சாலைகள் நிறைந்த பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பயிருக்கு உதவாமல் போனது என்று அந்தத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. வயல் மண்ணுக்கே அந்தக் கதி என்றால், தோலை அடுக்கி வைத்த கொட்டகையின் மண்ணை விசாரிக்காமல் விடக் கூடாது. வீட்டு முட்டையை நாம் முதலில் யாருக்கு அவித்துக் கொடுக்கிறோம்? குழந்தைக்குத்தான்.

விசாரணை

வீட்டிலோ தெருவிலோ வயதானவர்களைக் கேளுங்கள். மாடு கட்டிய இடம், கடலைக்காய் மூட்டை அடுக்கிய இடம் என்று சொன்னால் நிம்மதி. சுவர், தரை வேலைகளைத் தாண்டிக் கூரைக்கே போய்விடலாம். பச்சைத்தோலை உப்புப் போட்டு வைத்திருந்த இடம் என்றால் உப்பைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். டேனரியிலிருந்து வந்த சீவலோ, பஃபிங் தூளோ, ஓரத்தில் வெட்டிய துண்டுகளோ மூட்டையாகக் கிடந்தன என்றால் குரோமியத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டும். பெண்கள் உட்கார்ந்து ஷூ மேல்பாகம் தைத்த இடம் என்றால் ஆணியும் ஊசித் துண்டும்.

சொல்ல ஆளில்லாவிட்டால் மண்ணைக் கேட்கலாம். தரையின் நாலு மூலையிலும் நடுவிலும் ஒரு முழம் ஆழத்துக்குக் கடப்பாரையால் குத்தி மண்ணை வெளியே எடுத்துப் பாருங்கள். வெளிறிய நீலமோ நீலம் கலந்த சாம்பல் நிறமோ கொண்ட நார்ச் சுருள்கள் வந்தால் அது குரோம் பதனிட்ட தோலின் சீவல். பழுப்பு நிறத்தில் மக்கிய பட்டைத் துகள் வந்தால், ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட பழைய காலத்து மிச்சம். அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. நீலம் கண்ணில் படாததாலேயே மண் சுத்தம் என்று ஆகிவிடாது. சந்தேகம் இருந்தால் ஒரு பிடி மண்ணைக் கன உலோகச் சோதனை செய்யும் ஆய்வகத்துக்குக் கொடுங்கள். உரம் போடுவதற்காகச் செய்யும் சாதாரண மண் பரிசோதனையில் குரோமியம் தெரியாது. தனியாகக் கேட்க வேண்டும்.

தோண்டும்போது தண்ணீர் தெளித்துக்கொண்டே தோண்டுங்கள். மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள், கையுறை போடுங்கள், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். பச்சைத்தோல் கிடந்த இடத்துத் தூசியில் அடைப்பான் நோய்க்கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும். அவை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் சாகாமல் கிடக்கும். கோழிக்கு அந்த நோய் எளிதில் வருவதில்லை. தோண்டுகிற மனிதருக்கு வரும்.

சீவல் கிடைத்தால் தயவுசெய்து அதைக் குவித்துக் கொளுத்தாதீர்கள். பதனிட்ட தோலில் இருப்பது பெரும்பாலும் மூவிணைதிறக் குரோமியம். அதன் நஞ்சு குறைவு. எரித்தால் அதில் ஒரு பகுதி அறுவிணைதிறக் குரோமியமாக மாறிச் சாம்பலில் தங்கிவிடும். அதுதான் புற்றுநோய் வரவழைக்கக்கூடியது, தண்ணீரில் கரைந்து கிணற்றுக்கும் போகக்கூடியது. அதே காரணத்தால் அந்த மண்ணின் மேல் சுண்ணாம்பைக் கொட்டிச் சுத்தம் செய்துவிட்டதாக நினைப்பதும் கூடாது. காரம் ஏறிய மண் அந்த மாற்றத்துக்கு இடம் கொடுக்கும். சீவலைச் சாக்கில் கட்டி, எந்த ஆலையிலிருந்து வந்ததோ அங்கேயே திருப்பி ஒப்படைக்கப் பாருங்கள். முடியாவிட்டால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள். பாலாற்றில் கொட்டுவது வழியே இல்லை. அந்த ஆறு பட்டது போதும்.

நீலச் சீவல் கொட்டகை முழுக்க, ஒரு முழத்துக்கும் கீழே வரை இருந்தால் என் யோசனை ஒன்றுதான்: அந்தக் கொட்டகையை விறகு வைக்க வைத்துக்கொண்டு, கோழிக்குக் கொல்லையின் வேறு மூலையில் சிறிதாக ஒன்று கட்டுங்கள்.

உப்பு ஏறிய சுவர்

பச்சைத்தோல் கெடாமல் இருக்க அதன் எடையில் ஏறக்குறைய 40 விழுக்காடு உப்பைத் தேய்த்து அடுக்குவது வழக்கம். அதிலிருந்து கசிந்த உப்புநீரைத் தரை குடித்தது; தரையிலிருந்து செங்கல் சுவர் குடித்தது. அப்படிப்பட்ட சுவர் இடுப்பளவு உயரம் வரை ஓதம் காத்து, பூச்சு பொரிந்து, வெள்ளையாகப் பூத்திருக்கும். கோழிக்குச் சுவரைக் கொத்துவது பழக்கம். முட்டையிடும் பருவத்தில் சுண்ணாம்புக்காக இன்னும் கொத்தும். கோழிக்கு உப்பு கொஞ்சம் கூடினாலே ஆகாது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 4 கிராம் அளவு உப்பு ஒரேயடியாக உள்ளே போனால் உயிருக்கே ஆபத்து. அதற்கும் குறைவாகத் தினமும் போனால் ஓயாத தாகம், தண்ணீராகக் கழிச்சல், கால் தளர்ச்சி. குஞ்சுகள்தான் முதலில் விழும். வீட்டுக்காரர்கள் அதை நோய் என்று நினைத்து மருந்து தேடுவார்கள், காரணம் சுவரில் இருக்கும்.

பேரணாம்பட்டில் ஒரு வீட்டில் இப்படி ஒரு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அந்த வீட்டு அம்மா, "மேலாப்புல ஒரு கை சிமெண்ட் பூசிடுங்க மேஸ்திரி, போதும்" என்றார். மேஸ்திரி கரணையின் நுனியால் சுவரைச் சுரண்டினார். பூச்சு பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளே செங்கல் மஞ்சளாகி, விரல் வைத்தால் மாவாக வந்தது. "இதுமேல சிமெண்ட் நிக்காதும்மா. உள்ள இருக்கிற உப்பு வெளிய வர வழி தேடும், ஒரு மழை போனா மொத்தமா தள்ளிடும். பழைய பூச்ச எடுத்துட்டு சுண்ணாம்புதான் பூசணும்" என்றார். அவர் சொன்னதுதான் சரி. சிமெண்ட் பூச்சு ஈரத்தை உள்ளே அடைக்கும். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும்.

செய்முறை இது. பூச்சை உப்பு ஏறிய உயரத்துக்கும் ஒரு அடி மேலே வரை கொத்தி எடுத்துவிடுங்கள். செங்கல் இடுக்கில் உள்ள காரையையும் ஒரு விரல் ஆழம் சுரண்டுங்கள். சுவர் காய்ந்திருக்கும்போது தேங்காய் நார் பிரஷால் உப்பைத் துடைத்து, கீழே விரித்த சாக்கில் பிடித்து வெளியே கொண்டுபோய்விடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டாம். கரைந்த உப்பு திரும்பவும் சுவருக்குள்ளேயே போகும். பிறகு பழைய செய்தித்தாளை ஊறவைத்துக் கூழாக்கி, சுவரில் அரை அங்குலக் கனத்துக்கு அப்பி, தானாகக் காய விடுங்கள். காயும்போது உப்பு கூழுக்கு வந்துவிடும். உரித்துப் போட்டுவிட்டு மறுபடி அப்புங்கள். கோடையில் செய்தால் வேலூர் வெயில் நமக்குக் கூலியில்லாத ஆள். உரிக்கும் கூழில் வெள்ளை குறைகிற வரை செய்துவிட்டு, மணலும் சுண்ணாம்பும் சேர்த்துப் பூசி, மேலே வெள்ளையடியுங்கள்.

இவ்வளவு செய்தாலும் உப்பு முழுதாகப் போய்விடாது. அதனால் கோழியின் அலகு எட்டும் உயரமான மூன்றடிக்கு, சுவரிலிருந்து இரண்டு அங்குலம் விலக்கிக் கம்பி வலையோ, நிறுத்தி வைத்த கடப்பாக் கல்லோ தடுப்பாகப் போட்டுவிடுங்கள். சுவருக்கும் காற்று கிடைக்கும், கோழியும் கொத்தாது. சுண்ணாம்புச் சத்துக்குக் கிளிஞ்சலை உடைத்து ஒரு மண்சட்டியில் தனியாக வைத்தால் சுவர்ப் பக்கம் போகவே போகாது.

தரை

மேல் மண்ணை ஒரு அடிக்கு வெட்டி எடுங்கள். அந்த மண்ணைத் தோட்டத்தில் கீரைப் பாத்திக்குப் போடக் கூடாது. குழியைத் தட்டிச் சமன் செய்து, கெட்டியான பாலித்தீன் ஷீட்டை விரித்து, ஓரங்களைச் சுவர்மேல் அரை அடி ஏற்றிவிடுங்கள். அதன்மேல் சிமெண்ட் ஒன்று, மணல் நாலு, ஜல்லி எட்டு என்ற கலவையில் நாலு அங்குலத்துக்குக் கான்கிரீட். ஷீட் இல்லாமல் கான்கிரீட் போட்டால் கீழே மிச்சமிருக்கும் உப்பு ஈரத்தோடு ஏறி வந்துகொண்டே இருக்கும். வாசல் பக்கம் லேசாக வாட்டம் வையுங்கள். கான்கிரீட் தரைக்கு இன்னொரு நன்மையும் உண்டு: பெருச்சாளி அடியில் வளை போட்டு வர முடியாது.

ஷூ தைத்த கொட்டகையாக இருந்து, தரை நல்ல நிலையில் இருந்தால் இடிக்க வேண்டியதில்லை. பழைய ஸ்பீக்கரின் காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரை முழுக்க இழுத்துக்கொண்டே போங்கள். ஆணி, ஊசி முனை என்று காந்தத்தில் ஒட்டி வருவதைப் பார்த்தால் திகைத்துப்போவீர்கள். பளபளப்பாக எது கிடந்தாலும் கோழி விழுங்கும். அது கற்குடலில் குத்தினால் காப்பாற்ற வழியில்லை. பித்தளைக் கண்ணிகள் காந்தத்தில் ஒட்டாது; அவற்றைக் கண்ணால் பார்த்துத்தான் பொறுக்க வேண்டும். பசை உறைந்த இடங்களைச் சுரண்டி எடுத்துவிடுங்கள்.

தரைமேல் கோழிப் படுக்கையாக நாலு அங்குலத்துக்குக் கடலைத்தோலோ நெல் உமியோ பரப்புங்கள். வேலூர் மாவட்டத்தில் கடலைத்தோலுக்குப் பஞ்சமில்லை. ஈரத்தை நன்றாக உறிஞ்சும். ஆனால் பூசணம் பிடித்த மூட்டையை வாங்காதீர்கள், அந்தத் தூசி கோழியின் நுரையீரலைக் கெடுக்கும். வாங்கும்போது கைவிட்டு மூட்டையின் அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து முகர்ந்து பாருங்கள். தோல் சீவலும் பஃபிங் தூளும் மெத்தென்று இருக்கிறதே, சும்மா கிடைக்கிறதே என்று படுக்கைக்குப் போடும் எண்ணமே வேண்டாம். வங்கதேசத்தில் டாக்கா நகரத்து ஹசாரிபாக் டேனரிகளின் கழிவைக் கோழித் தீவனத்தில் கலந்து விற்றது பெரிய பிரச்சினையாகி நீதிமன்றம் வரை போனது. நம் கொல்லையில் அதைச் சின்ன அளவில் நாமே செய்ய வேண்டாம்.

பலகைக்கும் இதே எச்சரிக்கை. டேனரி டிரம்மைப் பிரித்த பலகை தேக்கு மாதிரி கனமாக, மலிவாகக் கிடைத்தாலும் கோழி உட்காரும் பரணுக்கும் முட்டைப் பெட்டிக்கும் அதைத் தொடாதீர்கள். பல வருடம் குரோம் கரைசலில் ஊறிய மரம் அது. ரசாயனம் வந்த நீல நிறப் பிளாஸ்டிக் கேனை அறுத்துத் தண்ணீர்த் தொட்டியாக்குவதும் அப்படித்தான். எத்தனை முறை கழுவினாலும் வேண்டாம்.

கூரை, காற்று, காவல்

வேலூர் கோடையில் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். ஷீட் கூரையின் கீழ் நடுப்பகலில் நிற்கும் கோழிக்கு மேலேயிருந்தும் அனல், பக்கத்திலிருந்தும் அனல். அக்னி நட்சத்திரத்தில் ஒரே மதியத்தில் கோழிகள் சாவதற்கு நோய் காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை, கூரையே போதும்.

ஓடு நன்றாக இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். உடைந்த ஓட்டை மாற்றுங்கள், அவ்வளவுதான். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் முழுதாக இருந்தால் அதில் துளை போடவோ, அறுக்கவோ, உடைக்கவோ வேண்டாம். பறக்கும் இழை நுரையீரலில் தங்கும். மேலே வெள்ளையடித்து, அதன்மேல் தென்னங்கீற்று வேய்ந்து கட்டுங்கள். விரிசல் விட்டிருந்தால் தண்ணீரில் நனைத்து, முழு ஷீட்டாகவே கழற்றி இறக்க வேண்டும்.

புதிய கொட்டகை என்றால் நீளவாக்கைக் கிழக்கு மேற்காக வைப்போம், வெயில் உள்ளே அடிக்காது. இருக்கிற கொட்டகையைத் திருப்ப முடியாது. மேற்குப் பக்கம் திறந்திருந்தால் அங்கே முருங்கையோ அகத்தியோ நட்டுவிடுங்கள். அவை வளரும்வரை மாலை வெயிலுக்குக் கோணிச் சாக்கை நனைத்துத் தொங்கவிடுங்கள். எதிரெதிர்ச் சுவர்களில் மேல் பாதியைத் திறந்து வலை அடித்தால் காற்று ஓடும். பழைய டேனரிகளின் மாடியில் தோல் காயப்போட்ட அறைகளைப் பார்த்திருக்கிறீர்களா? சுவர் முழுக்கச் சாய்த்து வைத்த மரப்பலகைச் சட்டங்கள் இருக்கும். மழைச் சாரல் வராது, காற்று தடையில்லாமல் போகும். உங்கள் கொட்டகையில் அப்படிப்பட்ட பலகை ஜன்னல் இருந்தால் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அதை எடுத்துவிட்டு கிரில் வைக்காதீர்கள். உள்பக்கம் வலை மட்டும் அடியுங்கள்.

வலை அரை அங்குலக் கண் கொண்ட வெல்டு மெஷ்ஷாக இருக்கட்டும். கடையில் கோழி வலை என்று தரும் அறுகோணக் கம்பி வலை கோழியை உள்ளே நிறுத்தும், மரநாயையும் கீரியையும் வெளியே நிறுத்தாது. பாம்பு அதன் கண்ணிலேயே நுழைந்து முட்டையை விழுங்கும். வெளி முற்றத்துக்கு வேலி போட்டால் வலையை ஒரு அடி மண்ணுக்குள் இறக்கி, வெளிப்பக்கமாக மடக்கிப் புதையுங்கள். தோண்டி வரும் கீரி அந்த மடிப்பில் நின்றுவிடும்.

இடம், தண்ணீர்

பத்துக்கு எட்டு அடிக் கொட்டகையில் பதினைந்து கோழிக்கு மேல் ஆசைப்படாதீர்கள். இரவில் ஏறி உட்காரத் தலைக்கு எட்டு அங்குலம் வீதம் பரண்கட்டை; கை மணிக்கட்டுக் கனத்தில், ஓரம் மழுங்கியதாக, தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில். நாலைந்து பெட்டைக்கு ஒன்றாக, ஒரு அடிச் சதுரத்தில் முட்டைப் பெட்டி. இருட்டான மூலையில், பரண்கட்டைக்குத் தாழ்வாக. பெட்டி உயரத்தில் இருந்தால் அதிலேயே ஏறித் தூங்கி எச்சமிடும். சிறுவிடைக் கோழி வருடத்துக்கு 60 முதல் 80 முட்டை தரும், அடையும் நன்றாகப் படுக்கும். அடைக்கோழிக்குத் தனியே ஒரு தடுப்பு வேண்டும். வீட்டில் பழைய பஞ்சாரம் இருந்தால் அதுவே போதும்.

தண்ணீர் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை டிடிஎஸ் மீட்டரில் பாருங்கள். லிட்டருக்கு 1,000 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் நல்லது. 3,000 வரை கழிச்சல் இளகலாம், ஆனால் தாங்கும். அதைத் தாண்டினால் கொடுக்காதீர்கள். மீட்டர் உப்பைத்தான் காட்டும், குரோமியத்தைக் காட்டாது. டேனரிக்குப் பக்கத்துக் கிணறு என்றால் எண் எவ்வளவு குறைவாக இருந்தாலும் வீட்டுக்கு வரும் காவிரிக் கூட்டுக் குடிநீரையே வையுங்கள். பதினைந்து கோழிக்குக் கோடையில்கூட ஐந்தாறு லிட்டர்தான். ஆம்பூர் வீடுகளில் மிஞ்சும் பிரியாணிச் சோற்றையும் அள்ளிப் போட வேண்டாம். உப்பு ஏற்கெனவே இங்கே எல்லாப் பக்கத்திலிருந்தும் வருகிறது.

வெளியே மேய முற்றம் வேண்டும் என்றால், டேனரிக் கால்வாய் எட்டாத இடத்திலிருந்து செம்மண் கொண்டுவந்து அரையடி உயர மேடாக்கி, சுற்றிலும் ஒரு வரிசைச் செங்கல் வைத்து, அதற்குள் விடுங்கள். ஏரி வண்டல் சத்தானது என்பார்கள்; கழிவுநீர் இறங்கிய ஏரியின் வண்டல் இந்த வேலைக்கு ஆகாது.

கோழி வருவதற்கு முன்னும் பின்னும்

வெள்ளையடித்த கொட்டகை நன்றாகக் காயட்டும். கோழி வாங்கும் முன்பே தடுப்பூசிக்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். நாட்டுக்கோழியைக் கூண்டோடு அழிப்பது வெள்ளைக்கழிச்சல் எனும் ராணிக்கெட் நோய்தான். உத்தரகண்ட் மலைப்பக்கத்து ராணிக்கேத் ஊரின் பெயர் அது. நம் ராணிப்பேட்டையோடு குழப்பிக்கொள்வோர் உண்டு. ராணிப்பேட்டைக்கு இதில் நல்ல பங்குதான்: 1932இல் அங்கே தொடங்கிய கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் இந்த நோய்க்கான தடுப்பூசியையும் தயாரித்து வருகிறது. குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணில் அல்லது மூக்கில் சொட்டு மருந்து, எட்டு வாரம் ஆனதும் இறக்கையில் ஊசி. அரசு கால்நடை மருந்தகங்கள் பெரும்பாலும் பிப்ரவரியில் இலவச முகாம் நடத்தும். தேதியை மருந்தகத்தில் கேட்டு வையுங்கள். புதுக்கோழியை முதல் வாரம் வெளியே விடாமல் கொட்டகையிலேயே வைத்தால், பிறகு அந்தியில் தானாக வந்து அடையும்.

ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் ஒருமுறை சுவரைச் சுற்றிப் பாருங்கள். மழை ஈரம் உள்ளே உறங்கிய உப்பை வெளியே கொண்டுவரும் காலம் அது. எங்காவது வெள்ளை பூத்திருந்தால் கோழிகளை முற்றத்துக்கு ஓட்டிவிட்டு, காய்ந்த பிரஷால் துடைத்து, சாக்கில் பிடித்து வெளியே கொண்டுபோங்கள். பரண்கட்டை இடுக்குகளில் கோழிச்செல்லு இருக்கிறதா என்று அப்போதே பார்த்துவிடுங்கள். நனைந்து கட்டிய கடலைத்தோலை மாற்றி, அலகு எட்டாத மேல்சுவருக்கு ஒரு கை வெள்ளை அடியுங்கள்.